பக்கவாதத்திற்குப் பின் வலியும் விறைப்பும்: எண்ணெய் வைத்தியம் எதுவரை?

முடிச்சூரிலிருந்து சகோதரி ஒருவர் எழுதியுள்ளார். அவருடைய மாமனார் நான்கு மாதங்களுக்கு முன் பக்கவாதத்தால் தாக்குண்டு, மருத்துவமனையில் உயிர் பிழைத்து வீடு திரும்பியிருக்கிறார். அல்ஹம்துலில்லாஹ். ஆனால் இப்பொழுது அவருடைய வலக்கை முழங்கையில் மடங்கி விறைத்து நிற்கிறதாம். விரல்கள் உள்ளங்கைக்குள் இறுகிக் கிடக்கின்றனவாம். தோளைத் தொட்டால் துடிக்கிறாராம், இரவில் உறக்கமில்லையாம்.

வீட்டுக்கு வரும் உறவினர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்திருக்கிறார்கள். "இங்கிலீஷ் மாத்திரைகளை நிறுத்திவிட்டுக் கேரளத்துக்கு அழைத்துப் போங்கள், எண்ணெய்ப் பிழிச்சல் போட்டால் எழுந்து நடந்துவிடுவார்" என்கிறது ஒரு கட்சி. "எண்ணெயால் ஆகப்போவது ஒன்றுமில்லை, காசுதான் கரியாகும்" என்கிறது மற்றது. "நகையை அடகு வைத்தாவது அழைத்துச் செல்லலாமா? எங்களுக்கு வழி சொல்லுங்கள்" என்று கேட்கிறார் சகோதரி.

இந்தக் கேள்வி ஒரு வீட்டுக் கேள்வியன்று. பக்கவாதம் புகுந்த வீடுகள் அனைத்திலும் எழும் கேள்வி இது. ஆகவே இம்மாதப் பகுதியை இதற்கே ஒதுக்கிவிட்டோம்.

முதலில் சுருக்கமான விடை. இரு கட்சியார் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. எண்ணெயும் ஒத்தடமும் வலியைத் தணிக்கும், விறைப்பைச் சிறிது நேரம் தளர்த்தும். அந்தச் சிறிது நேரத்தில் கையையும் காலையும் முறையாக அசைத்துப் பழக்கினால் பலன் நிலைக்கும். பழக்காவிட்டால் எண்ணெய் உலர்வதற்குள் விறைப்பு திரும்பிவிடும். மாத்திரைகளை நிறுத்துவதோ மீண்டும் ஒரு தாக்குதலை வாசலுக்கு அழைப்பதற்கு ஒப்பாகும். இனி விவரமாகப் பார்ப்போம்.

விறைப்பு ஏன் வருகிறது?

மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ அந்தப் பகுதியின் நரம்பணுக்கள் மடிகின்றன. இதுவே பக்கவாதம். மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டால் உடலின் வலப்பக்கமும், வலப்பக்கம் பாதிக்கப்பட்டால் இடப்பக்கமும் செயலிழக்கின்றன. முதல் சில நாட்களில் கையும் கால்களும் துவண்டு கிடப்பதுதான் பெரும்பாலும் வழக்கம். வாரங்கள் செல்லச் செல்லத் தசைகள் மெல்ல இறுகத் தொடங்குகின்றன. தசைகளை "போதும், தளர்ந்து இரு" என்று அடக்கி வைக்கும் மூளையின் கட்டளை அறுந்துபோனமையால், அவை தாமாகவே முறுக்கேறி நிற்கின்றன. கை மடங்குகிறது, விரல்கள் மூடுகின்றன, கால் நீண்டு விறைத்துப் பாதம் கீழ்நோக்கிச் சாய்கிறது.

வலிக்குக் காரணம் ஒன்றல்ல. தோளைத் தாங்கும் தசைகள் தளர்ந்துபோனதால் மூட்டு சற்று நழுவி வலிக்கலாம். அசைக்காமல் வைத்திருந்ததால் தோள் உறைந்து வலிக்கலாம். கை வீங்கிச் சிவந்து வலிக்கலாம். மூளையிலேயே வலி உணரும் பாதை கெட்டுப்போனதால், வெளியே காயமொன்றும் இல்லாமலே எரிச்சலும் குத்தலும் தோன்றலாம். இந்தக் கடைசி வகை வலிக்கு எண்ணெய் தேய்ப்பதால் பெரும் பயன் இராது. அதற்கென்று தனி மாத்திரைகள் உள்ளன. ஆகவே எந்த வைத்தியத்தைத் தொடங்குமுன்னும் "இது எவ்வகை வலி?" என்று மருத்துவரிடம் கேட்டறிந்துகொள்வது அவசியம்.

பழைய நூல்கள் சொல்வது

ஆயுர்வேதத்தில் இந்நோய்க்குப் பக்ஷாகாதம் என்று பெயர். சரக சம்ஹிதை இதனை வாத நோய்களின் வரிசையில் வைத்து, எண்ணெய்ப் பசையூட்டல், வியர்ப்பித்தல், பேதி என்னும் மூன்றையும் சிகிச்சையாகக் கூறுகிறது. வாதம் என்பது குளிர்ச்சி, வறட்சி, சொரசொரப்பு ஆகிய குணங்களை உடையது; அதற்கு எதிரான பசையும் வெதுவெதுப்பும் அதனைத் தணிக்கும் என்பது அம்முறையின் அடிப்படை. நம் தமிழகத்துச் சித்த மருத்துவம் இதனைப் பக்கவாதம் என்றே அழைத்து, எண்ணெய், தொக்கணம் என்னும் தேய்ப்பு முறை, ஒற்றடம், வர்மம் ஆகியவற்றைக் கையாளுகிறது.

நமக்கு நெருக்கமான யுனானி மருத்துவத்தில் இது ஃபாலிஜ் எனப்படுகிறது. 980 முதல் 1037 வரை வாழ்ந்த இப்னு சீனா தம்முடைய கானூன் என்னும் பெருநூலில் இந்நோயை விரிவாக ஆராய்ந்துள்ளார். தல்க் எனப்படும் தேய்ப்பு யுனானியிலும் உண்டு. மூன்று மருத்துவமும் வெவ்வேறு மொழி பேசினாலும், விறைத்த அங்கத்திற்கு வெதுவெதுப்பான எண்ணெயும் பொறுமையான தேய்ப்பும் வேண்டும் என்பதில் ஒன்றுபடுகின்றன.

ஆயுர்வேத வைத்தியர்கள் இதற்குப் பயன்படுத்தும் தைலங்கள் சிலவற்றின் பெயர்களை வாசகர்கள் கேள்விப்பட்டிருக்கலாம். க்ஷீரபலா தைலம் குறுந்தொட்டி வேரையும் பாலையும் நல்லெண்ணெயில் சேர்த்துக் காய்ச்சுவது. தான்வந்தரம் தைலத்தில் குறுந்தொட்டி வேர், பால் ஆகியவற்றோடு தசமூலம், கொள்ளு முதலிய பல சரக்குகளும் சேரும். கார்ப்பாஸாஸ்த்யாதி தைலத்தின் முதன்மைச் சரக்கு பருத்திக்கொட்டை. சித்த மருத்துவத்தில் உளுந்துத் தைலம், வாதகேசரித் தைலம் போன்றவை வழக்கில் உள்ளன.

தேய்ப்புக்குப் பின் கிழி வைப்பதும் உண்டு. நொச்சி, ஆமணக்கு, புளி முதலிய இலைகளை நறுக்கி, தேங்காய்த் துருவலும் எலுமிச்சையும் சேர்த்து எண்ணெயில் வதக்கித் துணியில் முடிந்து ஒற்றுவது இலைக்கிழி. நவர அரிசியைப் பாலிலும் குறுந்தொட்டிக் கஷாயத்திலும் வேகவைத்து முடிந்து தேய்ப்பது நவரக்கிழி. இது மெலிந்துபோன தசைகளுக்கு என்பர். வெதுவெதுப்பான எண்ணெயைத் துணியில் நனைத்து உடல்மீது பிழிந்துகொண்டே தேய்ப்பதுதான் பிழிச்சல்.

எண்ணெய் செய்வதும் செய்யாததும்

வெதுவெதுப்பும் மென்மையான தேய்ப்பும் இறுகிய தசைகளைச் சற்றுத் தளர்த்துகின்றன. தோல் வறண்டு வெடிக்காமல் காக்கின்றன. தம்மை ஒருவர் அன்போடு தொட்டுப் பராமரிக்கிறார் என்னும் உணர்வே நோயாளியின் மனத்துக்கு ஆறுதல். இவை மெய்யான நன்மைகள். எள்ளி நகையாடத் தக்கவையல்ல.

ஆனால் மடிந்துபோன நரம்பணுக்களை எந்தத் தைலமும் உயிர்ப்பிப்பதில்லை. இழந்த அசைவு திரும்புவது எப்படியென்றால், மூளையின் மடியாத பகுதிகள் புதிதாகப் பாடம் கற்றுக்கொள்வதால்தான். பாடம் என்றால் மனனம் வேண்டும். குர்ஆன் ஓதக் கற்கும் பிள்ளை ஒரே எழுத்தைப் பலமுறை ஓதித்தானே நாவைத் திருத்திக்கொள்கிறது? அதுபோல ஒரே அசைவை நாள்தோறும் பலமுறை செய்தால்தான் மூளை அதைப் பிடித்துக்கொள்ளும். எண்ணெய் இந்தப் பாடத்துக்கு உடலைப் பதப்படுத்துகிறது. பாடத்தை நடத்துவது பயிற்சிதான்.

ஆயுர்வேதச் சிகிச்சையை ஆராய்ந்த ஆய்வுகளுள் பெரும்பாலானவை சிறிய அளவில், சில பத்து நோயாளிகளைக் கொண்டு நடந்தவை. வலியும் விறைப்பும் குறைந்ததாக அவற்றுட் பல கூறுகின்றன. அவற்றை நம்பிக்கைக்குரிய தொடக்கமாகக் கொள்ளலாம். "கட்டாயம் எழுந்து நடப்பார்" என்று உறுதி கூறும் அளவுக்கு அவை வளரவில்லை. அப்படி உறுதி கூறி முன்பணம் கேட்பவர் எவராயினும், எந்த மருத்துவத்தைச் சேர்ந்தவராயினும், அவரிடமிருந்து விலகி நிற்பதே நலம்.

வீட்டில் செய்யும் முறை

மருத்துவரின் சம்மதம் பெற்றபின், வீட்டிலேயே நாளுக்கு ஒருமுறை எண்ணெய் இடலாம். முறை இதுதான்.

1. எண்ணெயை அடுப்பில் நேரே காய்ச்ச வேண்டாம். சிறு கிண்ணத்தில் ஊற்றி, அக்கிண்ணத்தைச் சுடுநீருள்ள பாத்திரத்தில் வைத்து வெதுவெதுப்பாக்குங்கள்.

2. சூட்டைத் தேய்ப்பவர் தம் முன்கையின் உட்புறத்தில் விட்டுப் பார்க்க வேண்டும். பிறகு நோயாளியின் நல்ல கையில் இட்டுக் கேட்க வேண்டும். உணர்ச்சி குன்றிய கைக்குச் சூடு தெரியாது. தோல் வெந்து கொப்பளித்தபின்தான் நமக்கே தெரியவரும். எண்ணெய்க்கும் ஒத்தடத்துக்கும் கிழிக்கும் இது பொதுவான எச்சரிக்கை.

3. உள்ளங்கையால் மெதுவாக, ஒரே சீராக, பதினைந்து முதல் இருபது நிமிடம் வரை தேய்த்தால் போதும். அழுத்திப் பிசைவதும், மூட்டுகளை நெட்டி முறிப்பதும் வேண்டாம். முரட்டுத்தனமாகத் தேய்த்தால் விறைத்த தசை இன்னும் விறைக்கும்.

4. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் சில நிமிடம் ஒற்றுங்கள்.

5. உடனே அசைவுப் பயிற்சிக்கு வாருங்கள். இதுவே முதன்மையானது. தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல்கள், இடுப்பு, முழங்கால், கணுக்கால் என்று ஒவ்வொரு மூட்டையும் வலியெடுக்காத எல்லை வரை மெல்ல நீட்டி, சற்றே நிறுத்தி, மெல்ல விடுங்கள். இழுத்துப் பறிக்க வேண்டாம். நோயாளி தாமும் "நீட்டுகிறேன்" என்று மனத்தால் முயல வேண்டும். அசைவு கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அம்முயற்சி வீணாவதில்லை.

6. பாதத்தில் எண்ணெய் இட்டிருந்தால் துடைத்தபின்பே நடக்க விடுங்கள். குளியலறைத் தரையில் சிந்திய எண்ணெய் இடுப்பெலும்பை முறித்துவிடும்.

எண்ணெய் நாளுக்கு ஒருமுறை போதும். அசைவுப் பயிற்சி ஒருமுறை போதாது. பல வேளைகள் வேண்டும். நம் வீடுகளில் இதற்கு எளிய வழியொன்று இருக்கிறது. ஐவேளைத் தொழுகையோடு இதனை இணைத்துவிடுங்கள். ஒவ்வொரு வக்துக்குப் பின்னும் பத்து நிமிடம் பயிற்சி என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு ஐந்து முறையாகிவிடும், மறதிக்கும் இடமிராது. நிற்க இயலாதவர் அமர்ந்தும், அமர இயலாதவர் படுத்தும் தொழ மார்க்கம் இடமளித்துள்ளது. அமர்ந்து தொழ முடிந்தவரைத் தக்க சாய்மானத்தோடு நாற்காலியில் அமர்த்துங்கள். படுக்கையிலிருந்து எழுந்து அமர்வதே அவருக்கு ஒரு பயிற்சி. ஒளூச் செய்விக்கும்போது செயலிழந்த கையை முழங்கையோடு சேர்த்துத் தாங்கிக் கழுவுங்கள். விரல்களை ஒவ்வொன்றாகக் கோதி விடுங்கள். அதுவும் பயிற்சியே.

செய்யக் கூடாதவை

செயலிழந்த கையைப் பிடித்து இழுத்து எழுப்புவதும், அக்குளில் கைகொடுத்துத் தூக்குவதும் கூடாது. பக்கவாத நோயாளியின் தோள்வலிக்கு இதுவும் ஒரு பெருங்காரணம். அமரும்போதும் படுக்கும்போதும் அந்தக் கைக்கு அடியில் தலையணை இருக்க வேண்டும். கப்பியில் கயிறு கட்டித் தலைக்குமேல் கையை இழுக்கும் பயிற்சியும் தளர்ந்த தோளுக்குக் கேடு. விரல்கள் இறுகிய கையில் இரப்பர்ப் பந்தைக் கொடுத்து அழுத்தச் சொல்வது நம் வீடுகளில் வழக்கம். ஏற்கெனவே மூடிக்கொள்ளத் துடிக்கும் விரல்களை அது மேலும் மூடப் பழக்கிவிடக்கூடும். இயன்முறை மருத்துவரைக் கேளாமல் அதைக் கொடுக்க வேண்டாம்.

ஒரு கெண்டைக்கால் மட்டும் திடீரென வீங்கி, சூடேறி, வலித்தால் அங்கே எண்ணெய் தேய்க்கக் கூடாது. நாளத்தில் இரத்தம் உறைந்திருக்கலாம். தேய்த்தால் அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்து உயிருக்கே ஆபத்தாகும். உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். காய்ச்சல், புண், தோல் வெடிப்பு உள்ளபோதும் தேய்ப்பு வேண்டாம். இதய நோயும் கட்டுக்கடங்காத இரத்த அழுத்தமும் உள்ளவர்க்கு ஆவிக்குளியல் ஆகாது. பழைய நூலில் பேதி சொல்லியிருக்கிறதே என்று வீட்டில் பேதி மருந்து கொடுத்துவிடாதீர்கள். உடலின் நீர் வற்றி அழுத்தம் தாழ்ந்தால் மூளைக்கு மீண்டும் தீங்கு நேரலாம். அதெல்லாம் மருத்துவமனையில், வைத்தியரின் கண்முன் நடக்க வேண்டியவை.

விழுங்கும்போது புரையேறுகிறவருக்குக் கஷாயமோ லேகியமோ எண்ணெயோ வாயில் ஊற்றக் கூடாது. அது நுரையீரலுக்குள் சென்று சளிச்சுரத்தை உண்டாக்கும். புறாவின் இரத்தத்தைத் தடவினால் கை எழும் என்று இன்றும் சொல்வோர் உண்டு. அதனால் பயன் இல்லை. நோய்க்கிருமிகள் தொற்றுவதுதான் மிச்சம். நோய் தாக்கியவுடன் விரல்நுனியில் ஊசியால் குத்தி இரத்தம் எடுத்தால் சரியாகிவிடும் என்று கைத்தொலைபேசிகளில் உலவும் செய்தியும் பொய்யே.

மாத்திரைகளும் மருந்துகளும்

பக்கவாதம் ஒருமுறை வந்தவரை மறுமுறையும் தேடி வரக்கூடியது. அமெரிக்கக் கணக்கின்படி, பக்கவாதம் காண்போரில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் முன்னரே ஒருமுறை தாக்கப்பட்டவர். அதனைத் தடுப்பதற்காகத்தான் இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, இரத்த உறைவு ஆகியவற்றுக்கு மாத்திரைகள் தரப்படுகின்றன. வலிக்கும் கைக்கும் இந்த மாத்திரைகளுக்கும் நேரடித் தொடர்பு தெரியாமையால், "இத்தனை மாதம் விழுங்கியும் கை எழவில்லையே" என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். அவை கையை எழுப்புவதற்குக் கொடுத்தவையல்ல. அடுத்த தாக்குதல் வாராமல் வாசலில் நிற்கும் காவலர்கள். காவலரை அனுப்பிவிட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருப்பதில் பொருளில்லை. நல்ல ஆயுர்வேத வைத்தியர் எவரும் அவற்றைத் தாமாக நிறுத்தச் சொல்லமாட்டார்.

வெளியே பூசும் தைலத்துக்கும் உள்ளே உண்ணும் மருந்துக்கும் வேறுபாடு உண்டு. இரத்தம் உறையாமைக்கு மாத்திரை உண்பவர்க்குச் சில மூலிகைகள் ஆகாமற் போகலாம். உள்மருந்து தொடங்குமுன் இரு மருத்துவரிடமும் இரு பக்கத்து மருந்துச் சீட்டுகளையும் காட்டிவிடுங்கள். பெயர் ஒட்டாத பொட்டலங்களையும், உற்பத்தி உரிமம் அச்சிடப்படாத புட்டிகளையும் வாங்காதீர்கள். 2004-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்தபோது 14-இல் ஈயம், பாதரசம் அல்லது ஆர்சனிக் இருந்தமை வெளிவந்தது. அனைத்து மருந்தும் அப்படியென்று பொருளன்று; கேட்டு வாங்க வேண்டும் என்பதே பாடம்.

நம் வாசகர்களுக்கு இன்னொரு கேள்வியும் எழும். அரிஷ்டம், ஆசவம் என்று முடியும் மருந்துகள் புளிக்கவைத்துச் செய்யப்படுபவை. அவற்றில் தானாகவே ஆல்கஹால் உண்டாகிறது. மகாமாஷ தைலத்தில் ஆட்டிறைச்சி சேர்த்துச் செய்யும் ஒரு வகையும், சேர்க்காத வகையும் உண்டு. இவற்றைக் குறித்து ஐயமுள்ளவர்கள் வைத்தியரிடம் தயங்காமல் கேட்கலாம். அரிஷ்டத்துக்குப் பதிலாகக் கஷாயமோ மாத்திரையோ பெரும்பாலும் கிடைக்கும். மார்க்க விளக்கத்தைத் தங்கள் ஊர் ஆலிமிடம் பெற்றுக்கொள்ளுங்கள். பெண் நோயாளிக்குப் பெண் பணியாளரே தேய்ப்புச் செய்யும் ஏற்பாடு உள்ளதா என்பதையும் சேருமுன்னரே கேட்டுவிடலாம். பல ஆயுர்வேத நிலையங்களில் அது வழக்கமாகவே இருக்கிறது.

எங்கே செல்வது?

முடிச்சூரில் வாழ்வோர் இதற்காக நகையை அடகு வைக்கவும் வேண்டியதில்லை. எல்லை தாண்டவும் வேண்டியதில்லை. அருகிலேயே, தாம்பரம் சானடோரியத்தில், தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. 2005 செப்டம்பர் 3 அன்று, அந்நாளையப் பிரதமர் மன்மோகன் சிங் அதனைத் திறந்து வைத்தார். அயோத்திதாசப் பண்டிதர் பெயரால் வழங்கும் மருத்துவமனை அதனோடு இணைந்துள்ளது. ஒரு காலத்தில் காசநோயாளிகள் காற்றும் ஓய்வும் நாடி வந்த சானடோரியம், இன்று மூட்டுவலிக்கும் வாதத்துக்கும் மக்கள் நாடி வரும் இடமாகவும் ஆகியிருக்கிறது. அங்குள்ளது சித்த மருத்துவம், ஆயுர்வேதம் அன்று. எனினும் எண்ணெய், தொக்கணம், ஒற்றடம் என நாம் பேசிவந்தவை அங்கும் உள்ளன. பட்டம் பெற்ற மருத்துவர்கள் பார்க்கிறார்கள்.

அரும்பாக்கத்தில் இந்திய மருத்துவ முறைகளுக்கான அறிஞர் அண்ணா அரசு மருத்துவமனையும், இராயபுரத்தில் மத்திய அரசின் யுனானி ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. தைலங்கள் வேண்டுவோர்க்குத் திருவான்மியூரில் 1944 முதல் இயங்கிவரும் இம்ப்காப்ஸ் என்னும் வைத்தியர்களின் கூட்டுறவு நிறுவனம் உள்ளது.

இயன்முறைப் பயிற்சிக்கு அரசு மருத்துவமனைகளை அணுகுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், நடக்க இயலாதவர்களின் வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி அளிக்கவும், அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் உரிய மாத்திரைகளை வழங்கவும் ஏற்பாடு செய்யப்பட்டது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். விறைப்பு மிகக் கடுமையாக இருந்தால் பேக்லோஃபென், டிஸானிடின் போன்ற மாத்திரைகளும், இறுகிய தசைக்குள்ளேயே செலுத்தும் பொட்டுலினம் ஊசியும் உள்ளன. நரம்பியல் மருத்துவரைக் கேளுங்கள்.

கேரளத்துக்குச் செல்லவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. 1902-இல் பி. எஸ். வாரியர் தொடங்கிய கோட்டக்கல் ஆரிய வைத்திய சாலை போன்ற புகழ்பெற்ற நிலையங்கள் அங்கு உள்ளன. வசதியுள்ளவர்கள் தாராளமாகச் செல்லலாம். ஆனால் மூன்று வாரம் அங்கே தங்கிப் பெற்ற தளர்ச்சி, வீடு திரும்பியபின் பயிற்சி இல்லையேல் மறைந்துவிடும். பணம் குறைவாயின் அதனை ஒரே பயணத்தில் செலவிடுவதைவிட, ஆறு மாதத்துக்குத் தவறாத இயன்முறைப் பயிற்சிக்குச் செலவிடுவதே அறிவுடைமை.

குடும்பத்தாருக்கு ஒரு சொல்

பக்கவாதம் ஒருவரைத் தாக்கினாலும் சுமை ஒரு வீட்டின்மீது இறங்குகிறது. அதிலும் பெரும்பாலும் ஒரே ஒரு பெண்ணின் தோள்மீது. மாமனாருக்கு எண்ணெய் தேய்த்துவிடுவதும் குளிப்பாட்டுவதும் மகன்மார் செய்யவேண்டிய கடமை. பெற்றோருக்குப் பணிவிடை செய்யும் நன்மையை மருமகளிடமே விட்டுவிட்டுக் கடைத்தெருவில் நிற்பது ஆண்பிள்ளைகளுக்கு அழகன்று. வேலைக்குச் செல்வோர் ஃபஜ்ருக்குப் பின்னும் இஷாவுக்குப் பின்னும் முறைவைத்துக்கொண்டால், ஒருநாள் பணியில் இரு வேளை குறைந்துவிடும்.

படுக்கையில் கிடப்பவரை இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள், படுக்கைப்புண் வாராது. பக்கவாதம் கண்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு உண்டாகிறது. காரணமின்றி அழுவதும், உண்ண மறுப்பதும், பயிற்சிக்கு ஒத்துழையாமையும் பிடிவாதம் அல்ல. அவை நோயின் ஒரு பகுதி. அதற்கும் மருந்துண்டு. நோய் விசாரிக்க வருவோர் அவர் எதிரிலேயே "ஐயோ, எப்படி இருந்தவர்!" என்று புலம்பாதிருப்பதே பெரிய ஸதகா.

உணவில் உப்பைக் குறையுங்கள். நாளுக்கு ஐந்து கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக, இருக்க வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஊறுகாய், கருவாடு, அப்பளம் ஆகியவை அவருக்கு வேண்டாம். புகையை அறவே விடச் செய்யுங்கள். ரமளான் நோன்பு குறித்து, மாத்திரை நேரங்களை முன்வைத்து மருத்துவரிடம் கேளுங்கள். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கும்போது உடலை வருத்திக்கொள்ள வேண்டியதில்லை.

இறுதியாக, வீட்டிலுள்ள அனைவரும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டியது ஒன்று. முகம் ஒருபக்கம் கோணினால், தூக்கிய கை தாழ்ந்தால், பேச்சு குழறினால், எண்ணெயைத் தேடாதீர்கள், 108-ஐ அழையுங்கள். அடைப்பினால் வந்த பக்கவாதமாயின், கட்டியைக் கரைக்கும் ஊசியை நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்திலும் ஏறத்தாழ 19 லட்சம் நரம்பணுக்கள் மடிவதாக ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டுள்ளனர். தலைச்சோதனைப் படம் எடுக்கும் வசதியுள்ள மருத்துவமனை உங்கள் வீட்டுக்கு அருகில் எது என்பதை இன்றே விசாரித்து, எழுதிச் சுவரில் ஒட்டி வையுங்கள். முதல் மணி நேரங்கள் மருத்துவமனைக்கு உரியவை. அதன்பின் வரும் நீண்ட மாதங்களில் எண்ணெய்க்கும் ஒத்தடத்துக்கும் இடமுண்டு. பயிற்சிக்கும் பொறுமைக்கும் அதைவிடப் பெரிய இடமுண்டு.

நோயுற்றோர் அனைவருக்கும் வல்ல அல்லாஹ் பூரண ஷிஃபாவையும், அவர்களைப் பேணுவோருக்கு உடல் வலுவையும் ஸப்ரையும் தந்தருள்வானாக! ஆமீன்.